ரேஸ்காரனுக்கு அண்ணன்

எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் என் தம்பிக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். மண் ரேஸில், புதிதாக ஓட்ட வருபவர்களுக்கான பிரிவில், மூன்றாம் இடம் வாங்கினான் என்பதற்காக. ஆள் உயரத்துக்கும் மேலாக, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறான். அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து காரணமே இல்லாமல் ஒரு புலி பாய்கிறது. அடியில் வட்ட வட்டமாகச் சின்ன முகங்கள், வாழ்த்தும் நண்பர்கள். டீக்கடைக்காரருக்கும் கோழிக்கடைக்காரருக்கும் நடுவில் ஒரு வட்டத்துக்குள் நான். கல்லூரியில் பட்டம் வாங்கிய அன்று எடுத்த படம் அது. தொப்பியின் மேல்பாதியை வட்டம் வெட்டிவிட்டதால், மண்டையில் அடிபட்டுக் கறுப்புத் துணியில் கட்டுப் போட்டவனைப் போல இருந்தேன்.

நான் இன்ஜினியரிங் முடித்தபோது யாரும் ஃபிளெக்ஸ் வைக்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தால் குறையாகத்தான் சொல்கிறேன்.

சோமனூரை ஒட்டிய ஊர் எங்களுடையது. வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு கொட்டகை, அதில் விசைத்தறிகள். அப்பா தறி ஓட்டுவார். அம்மா அவருக்கு நூல் சுற்றிக் கொடுப்பார். அப்பா பக்கம், அம்மா பக்கம் இரண்டிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதனால் என் வலது கைக்கு வீட்டில் ஒரு தனி மரியாதை இருந்தது. அது எழுதுகிற கை. நான் தண்ணீர்க்குடம் தூக்கினால் அம்மா ஓடிவந்து வாங்கிக்கொள்வார். தறிக்குப் பக்கத்தில் போனால் அப்பா அதட்டுவார்.

வீட்டில் ஒரு பழைய மொபட் இருந்தது. துணி மூட்டை ஏற்றிப்போக அப்பா வைத்திருந்தது. அதை முதலில் ஓட்டக் கற்றுக்கொண்டவன் நான். தம்பிக்குக் கற்றுக்கொடுத்தவனும் நான். என்னைவிட இரண்டு வயது இளையவன். கால் தரைக்கு எட்டாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவான். ஒருநாள் பக்கத்துக் காட்டில், எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைத்தான் காடு என்போம், கூடப் படித்தவனுடைய பைக்கை வாங்கி ஓட்டிப் பார்த்தேன். உழுது போட்ட மண்ணில் பின்சக்கரம் வழுக்கியது. வழுக்கியபோது பயம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. அதற்குள் அம்மா கொட்டகையிலிருந்து, தலையெல்லாம் பஞ்சோடு, ஓடிவந்துவிட்டார்.

"ஏஞ்சாமி, நீ உழுந்து கைய ஒடிச்சுட்டீன்னா பரீட்சைய ஆரு வந்து எழுதுவா? உங்கொப்பனா எழுதுவாரு?"

இறங்கிவிட்டேன். நான் இறங்கிய அதே வண்டியில் தம்பி ஏறி உட்கார்ந்து காட்டை இரண்டு சுற்று சுற்றினான். அம்மா என் முழங்கையைத் திருப்பித் திருப்பிச் சிராய்ப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அவனை யாரும் இறங்கச் சொல்லவில்லை.

அவன் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டான். கருமத்தம்பட்டியில் ஒரு டூ வீலர் ஒர்க் ஷாப்பில் சேர்ந்தான். ஒர்க் ஷாப்காரர் கோயமுத்தூர் கோட்டைமேட்டு ஆள், எல்லோருக்கும் பாய். பழைய பைக் ஒன்றைப் பிரித்து, லைட்டு, கண்ணாடி, சைடு ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ரேஸ் வண்டியாக மாற்றி வைத்திருந்தார். தம்பியை அதில் ஏற்றினார். முதல்முறை அந்த வண்டியைப் பார்க்கப் போனபோது நான் படித்தவன் என்று காட்டிக்கொள்ள, "முன் பிரேக் எங்கீங்க?" என்று கேட்டேன்.

"இவனுக்கு எதுக்குங்க பிரேக்கு? நிக்கறதுக்கா போறான்?" என்றார் பாய்.

எல்லோருக்கும் தெரிந்த ரேஸ் தார்த் தடத்தில் நடப்பது. தம்பி ஓட்டுவது வேறு. மண்ணில் முட்டை வடிவத்தில் ஒரு தடம். இடப்பக்கம் மட்டுமே திரும்ப வேண்டும். முன் பிரேக் வைக்க அனுமதி இல்லை. வளைவு வரும்போது பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, ஹேண்டில் பாரை எதிர்ப்பக்கம் திருப்பி, இடது காலைத் தரையில் நீட்டி, அந்தக் காலை இழுத்துக்கொண்டே போக வேண்டும். தேய்ந்துபோகாமல் இருக்க இடது பூட்டுக்கு அடியில் ஒரு இரும்புத் தகடு கட்டியிருப்பார்கள். இதில் கஷ்டம் என்னவென்றால், வழுக்கும்போது ஆக்ஸிலேட்டரை மூடக்கூடாது. உடம்பு மூடச் சொல்லும். மூடினால் வேகம் செத்துவிடும், பின்னால் வருகிறவன் தாண்டிப் போய்விடுவான். திறந்தே வைத்திருப்பவன்தான் ரேஸ்காரன். இதெல்லாம் எனக்கு அவன் சொல்லித் தெரியவில்லை. நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவன் ஓட்டுகிற வீடியோ ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பெருந்துறை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. தரம் பார்க்கிற பிரிவு. எங்கள் மேலாளர் சேர்ந்த நாளிலிருந்து என் பெயரைக் கேட்டதில்லை. "க்யூ.சி. தம்பி" என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்து போனை நீட்டினார்.

"ஏனுங்க, இதுல ஓட்டறது உங்க தம்பிங்களா? ஊரு பேரு பாத்தேன், மூஞ்சியும் அதே மாதிரி இருக்குது."

"ஆமாங் சார்."

"அட, சொல்லவே இல்லீங்களே நீங்க. டீ சாப்பிடுங்க."

டீ ஆறுகிற வரைக்கும் தம்பி எப்படி விழாமல் ஓட்டுகிறான், வீட்டில் எப்படி விட்டார்கள், என்ன சாப்பிடுவான் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் நான் அவருக்கு க்யூ.சி. தம்பிதான். ஆனால் கூடவே, "தம்பி எப்படி இருக்காருங்க?" என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

கல்யாண வீடுகள் இன்னும் மோசம். பல்லடத்தில் ஒரு கல்யாணத்தில் தூரத்துச் சொந்தத்தில் மாமா முறையாகிற ஒருவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, நீங்கதான அந்த ரேஸ்காரரு?"

"இல்லீங் மாமா. நானு அண்ணன்."

"அப்படீங்ளா. அவரு வல்லீங்ளா?"

கேட்டுவிட்டு என் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தார். கையை மட்டும் விடவில்லை. அவர் பார்த்ததால் நானும் திரும்பி வாசலைப் பார்த்தேன். அப்படிப் பார்த்ததற்காக என் மேலேயே எனக்கு வந்த எரிச்சல் பந்தியில் உட்கார்ந்த பிறகும் போகவில்லை.

அந்த வருடத்தின் கடைசிக்கு முந்தைய போட்டியில் தம்பி விழுந்தான். இரண்டாவது வளைவில் பக்கத்தில் வந்த வண்டி இவன் முன்சக்கரத்தைத் தட்டிவிட்டது. இடப்பக்கக் காறை எலும்பு ஒடிந்து, கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். நான் ஷிப்டு முடித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மா அவனுக்கு நாட்டுக்கோழிச் சாறு ஊட்டிக்கொண்டிருந்தார். ஒடிந்தது இடப்பக்கம். வலது கை நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கையில் போனை வைத்துப் பார்த்துக்கொண்டே வாயை மட்டும் திறந்து திறந்து காட்டினான்.

கை ஒடிந்தால் உலகமே முடிந்துபோகும் என்று எனக்குச் சொல்லி வளர்த்தார்கள். இவனுக்கு எலும்பு ஒடிந்தது. உலகம் ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு அவன் கட்டிலுக்கு வந்தது.

அந்த வருடத்தின் கடைசிப் போட்டிதான் பிரச்சினை. அதைப் பார்க்க ஒரு கம்பெனி டீமிலிருந்து ஆட்கள் வருவதாகவும், வண்டி ஓட்டும் இளைஞர்களில் ஒருவனை எடுத்துக்கொள்ளப் போவதாகவும் பாய் சொல்லியிருந்தார். எடுத்துவிட்டால் வண்டி, பயிற்சி, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. எடுக்காவிட்டால் தம்பி மறுபடி ஒர்க் ஷாப்பில் ஸ்பேனர் பிடிக்க வேண்டியதுதான். இன்னொரு வருடத்துக்கு வண்டியைத் தயார் செய்ய பாயால் முடியாது. டாக்டரிடம் கேட்டோம்.

"ஓட்டலாமுங்க. உழுகத்தான் கூடாது" என்றார்.

அம்மாவுக்கு அவன் போகவே கூடாது. அப்பாவுக்கு அவன் போயே ஆக வேண்டும். நூல் கொடுக்கிற இடத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். ஆனால் எங்கள் வீட்டில் நேராகச் சண்டை போட்டுக்கொள்ளும் வழக்கம் இல்லை. "நீங்க சொல்றதுதானுங்க" என்பார் அம்மா. "உன்ற இஷ்டம்தான்" என்பார் அப்பா. இப்படியே ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுத்து ஒரு வாரம் ஓடியது. கடைசியில் குலதெய்வக் கோயிலுக்குப் போய்ப் பூ கேட்டுவிடலாம் என்று முடிவானது.

எங்கள் பக்கம் இது சகஜம். வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் செவ்வரளியை ஒரு இலையிலும் வெளியே தெரியாமல் மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். காரியத்தை மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். பூசாரி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வருகிற நிறம்தான் பதில். பெண் எடுப்பதா, கிணறு வெட்டுவதா, தறி வாங்குவதா, எல்லாம் அப்படித்தான் தீர்மானமானது. நான் இன்ஜினியரிங் சேரும்போது, "எனக்கும் பூ கேக்கலாமுங்ளா?" என்று அப்பாவிடம் கேட்டேன். "படிக்கறதுக்கு எதுக்குடா பூவு? போய்ப் படி" என்றார். எனக்காக யாரும் அம்மனைத் தொந்தரவு செய்ததில்லை. தம்பிக்கு என்றால் வேன் வைத்துக்கொண்டு போகிறோம். அந்த வேனும் பாயுடையது. சாவியைக் கொடுக்கும்போது, "உங்க அம்மன் என்ன சொல்றாங்கன்னு ஒடனே போன் பண்ணுங்க. கார்புரேட்டர கழட்டி வெச்சுருக்கேன். மாட்டறதா வேண்டாமான்னு தெரியோணும்" என்றார்.

காங்கேயம் தாண்டிப் போகும் வழியெல்லாம் செவ்வரளியே வரட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். எங்கள் அப்பா வீட்டில் வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம் என்பது எனக்குத் தெரியும்.

பூசாரி இரண்டு பொட்டலத்தையும் தட்டில் வைத்துக் குலுக்கினார். "நெனச்சுக்கிட்டீங்ளா?" என்று கேட்டார். அப்பாவும் அம்மாவும் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

அம்மா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "என்ற தாயி, காப்பாத்திப்போட்டா. வேண்டாம்னுட்டா."

அதே நேரத்தில் அப்பா தம்பியின் ஒடியாத தோளைத் தட்டி, "போலாம்னுட்டாடா" என்றார்.

பூசாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, வெள்ளை வந்தா வேண்டாம்னுதானுங்களே?" என்றார் அம்மா.

"ஆரு சொன்னது? வெள்ளைன்னா சரின்னு. எங்க பாட்டங் காலத்துலருந்து அப்படித்தான்."

"எங்கூர்ல செகப்பு வந்தாத்தானுங்க சரி. அம்மனுக்கு ஒகந்தது செகப்புதானுங்களே."

"கண்ணாலமாயி இத்தன வருசமா இத நீ சொல்லவே இல்ல."

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

அப்பா ஏதோ ஞாபகம் வந்தவர் போல நின்றார். "அப்ப தறி வாங்கறதுக்குக் கேட்டமே. அன்னிக்கும் வெள்ளைதான வந்துச்சு?"

"ஆமாங்க. வேண்டாம்னு சொல்லீட்டாளேன்னு நெனச்சேன். நீங்க வாங்கிப்போட்டீங்க. செரி, ஆம்பளைக்குத் தெரியாததான்னு உட்டுட்டேன்."

அப்பா பூசாரியைப் பார்த்தார். "மறுக்கா ஒருக்கா கேக்கலாமுங்ளா?"

"ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தானுங்க. அவ சொல்லிப்போட்டா. உங்களுக்கு வெளங்கலீன்னா அவ என்னங்க பண்ணுவா?" என்று சொல்லிவிட்டுப் பூசாரி அடுத்த குடும்பத்தின் தேங்காயை வாங்கிக்கொண்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் வந்து நின்றோம். தம்பி தோளில் தொட்டில் கட்டோடு, உடைத்த தேங்காயில் ஒரு சில்லைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி மடித்துக் கட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு சாமி. நம்மள்ல படிச்சவன் நீதான்."

அம்மாவும், "ஆமாங் கண்ணு, நீ சொன்னாச் செரி" என்றார். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன் என்று அவர் நம்பியது முகத்தில் தெரிந்தது. தம்பி என்னைப் பார்க்கவில்லை. ஆனால் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"வேண்டாம்" என்பது என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் யாரும் என்னைத் தவறாக நினைக்கமாட்டார்கள். தம்பி மேல் எவ்வளவு பாசம் என்றுதான் சொல்வார்கள். டாக்டர் பேச்சு இருக்கிறது, பிளேட் இருக்கிறது, அம்மாவின் கண்ணீர் இருக்கிறது. வேண்டாம் என்று சொன்னால் நாளையிலிருந்து ரேஸ்காரன் என்று ஒருவன் கிடையாது, இரண்டு அண்ணன் தம்பிகள் மட்டும்தான்.

அப்படியா என்று யோசித்தேன். இவனை இன்று நிறுத்தினால் இவன் தோற்காதவனாக நின்றுவிடுவான். ஒவ்வொரு கல்யாணத்திலும், "அன்னிக்கு மட்டும் ஓட்டியிருந்தா இந்நேரம் எங்கயோ போயிருப்பான்" என்பார்கள். அவனுக்கு நாற்பது வயதாகித் தொப்பை போட்டாலும் சொல்வார்கள். ஓடுகிறவனைப் பார்த்துப் பொறாமைப்படலாம். ஓடாமலே ஜெயித்தவனோடு நான் எப்படிக் காலம் தள்ளுவது? போகட்டும். போய் எல்லோரும் பார்க்கத் தோற்கட்டும்.

"போகட்டுமுங்ப்பா" என்றேன்.

அம்மா என்னைப் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். அழவில்லை. "அப்ப நீ கூடப் போகோணும். ஒவ்வொரு நாளும் போகோணும். அவன் உழுந்தா நீதான் எனக்குப் பதில் சொல்லோணும்" என்றார்.

பாய்க்குப் போன் செய்தேன். "மாட்டட்டுங்களா?" என்று மட்டும் கேட்டார். "மாட்டுங்க" என்றேன். தம்பி மீண்டும் மெல்ல ஆரம்பித்தான்.

கட்டு அவிழ்த்த பிறகு பயிற்சி தொடங்கியது. அவிநாசிக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்துக்காரர் தன்னுடைய மேட்டுக்காட்டில் தடம் போட்டிருந்தார். தம்பி விழுந்ததும் அங்கேதான், கடைசிப் போட்டியும் அங்கேதான். சோளம் விதைத்து நஷ்டப்பட்டதைவிட இதில் மனசு நிறைகிறது என்பார். தூசி அடங்க டேங்கர் வண்டியில் தண்ணீர் அடிப்பார்கள். நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கம்பி வேலியோரம் போய் நிற்பேன்.

முதல் நாளிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது வளைவில், அவன் முன்பு விழுந்த அதே இடத்தில், ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மூடுகிறான். முழுதாக இல்லை. சத்தம் ஒரு இழை இறங்கி ஏறும், அவ்வளவுதான். பாய்க்குக் கூட அது தெரியவில்லை. அவன்மேல் பாசம் வைத்திருப்பவர்கள் அவன் விழாமல் இருக்கிறானா என்று பார்த்தார்கள். நான் எந்த இடத்தில் குறைகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தவன். வருடக்கணக்காக எனக்கு அதுதான் வேலை. இப்போது அது அகப்பட்டுவிட்டது. அகப்பட்ட சந்தோஷத்தில் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன். பயிற்சிதானே, பழகப் பழகத் தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போட்டி அன்று அப்பாவும் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை; தூசிக்கு நடுவில் கல்யாணத்துக்கு வந்தவர் போல. தோட்டத்துக்காரர் மைக்கில் பேசினார்.

"ஏனுங்க தம்பீகளா, ஆம்புலன்ஸ் ஒண்ணே ஒண்ணுதானுங்க இருக்குது. ரெண்டு மூணு பேரா சேந்து உழுந்துபோடாதீங்க. முடுஞ்சவரைக்கும் ஒருத்தரு ஒருத்தரா உழுகுங்க."

தகுதிச் சுற்றில் தம்பி தட்டுத் தடுமாறி உள்ளே வந்தான். இறுதிப் போட்டிக்குக் கடைசியாகத் தேர்வானவன் அவன்தான். கம்பெனி டீம் ஆட்கள் நிழற்குடைக்கு அடியில் வேறொரு பையனைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தம்பி வண்டியை விட்டு இறங்கி, "இழுக்க மாட்டேங்குதுங்க பாய்" என்றான். பாய் உடனே பின் பல்சக்கரத்தை மாற்ற உட்கார்ந்துவிட்டார். நெற்றியிலிருந்து வியர்வை செயினில் சொட்டியது.

வண்டியில் ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பல்சக்கரம் மாறும், பையன் தோற்பான், பாய் தன்னைத்தான் திட்டிக்கொள்வார். நான் கோயிலில் நினைத்தது அப்படியே நடக்கும். ஆனால் பாய் இல்லாத கோளாறைத் தேடிக் குனிந்திருந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. தம்பியும் வண்டியைத்தான் முறைத்தான். தான் எதில் தோற்கிறோம் என்றே தெரியாமல் ஒருவன் தோற்பதைப் பார்க்கவா நான் இத்தனை நாள் காத்திருந்தேன்?

"வண்டி நல்லாத்தான் இருக்குது" என்றேன். "நீதான் மூடற."

"என்னத்த?"

"ரெண்டாவது வளைவுல. உழுந்த எடத்துல. ஒவ்வொரு சுத்துலயும் மூடற."

அவன் முகம் சிவந்துவிட்டது. "உனக்கென்ன தெரியும்? நீ ஒருநாளாச்சும் ஓட்டியிருக்கயா? பேனா புடிக்கற கைய வெச்சுட்டு எனக்கு ஆக்ஸிலேட்டர் சொல்லித் தரயா?"

"அதனாலதான் சொல்றேன். நான் ஓட்டியிருந்தா மூடியிருக்க மாட்டேன்."

அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. பாய் குனிந்தபடியே, "ரெண்டு பேரும் ஊட்ல போய் அடிச்சுக்கங்க. ஸ்பேனர எட்றா" என்றார். தம்பி ஸ்பேனரை எடுக்கவில்லை. இரும்புத் தகடு கட்டிய பூட்டோடு டங் டங் என்று நடந்து தடத்தின் ஓரத்துக்குப் போய், அந்த இரண்டாவது வளைவையே பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பி வந்து, "பழைய சக்கரமே இருக்கட்டுங்க பாய்" என்றான். என் பக்கம் திரும்பாமல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

இறுதிப் போட்டியில் எல்லோரும் ஹெல்மெட்டுக்குள் ஒன்றுபோல இருந்தார்கள். அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"இதுல எவன்டா நம்மவன்?"

"கடைசிக்கு முந்துனவனுங்ப்பா. எடது காலக் கொஞ்சம் தாமதமாப் போடறவன்."

"இத்தன தூசியில உனக்கு எப்படித் தெரியுது?"

அவர்கள் இரண்டாவது வளைவுக்குள் நுழைந்தார்கள். காது முழுவதையும் அந்தச் சத்தத்தில் வைத்திருந்தேன். சத்தம் இறங்கவில்லை. அவனுடைய பின்சக்கரம் வெளியே, இன்னும் வெளியே வழுக்கிக்கொண்டு போனது. வேலியை மோதிவிடுவான் என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அந்த இடத்தில் எவனும் மூடுவான். அவன் திறந்தே வைத்திருந்தான். வண்டி மண்ணைக் கவ்விக்கொண்டு நிமிர்ந்தது. வளைவை விட்டு வெளியே வரும்போது அவனுக்கு முன்னால் இருந்த இருவர் பின்னால் இருந்தார்கள். கம்பி வேலியை நான் பிடித்திருந்த கை எரிந்தது. பார்த்தால் கம்பியை முறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. அவ்வளவு வயிற்றெரிச்சலும் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

அடுத்தடுத்த சுற்றுகளிலும் அப்படியே தாண்டி, கடைசியில் இரண்டாவதாக வந்தான். முதலில் வந்தவன் இளையோர் வயதைக் கடந்தவன் என்பதால் கம்பெனி ஆட்கள் நிழற்குடையை விட்டு எழுந்து இவனை நோக்கித்தான் வந்தார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் இவன் வண்டியை நான் நின்ற இடத்துக்கு உருட்டிக்கொண்டு வந்தான். முகத்தில் கண் இருக்கும் இடம் தவிர எல்லாம் மண்.

"இப்ப மூடுனனாண்ணா?"

கொஞ்சம் மூடினாய் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பான். எல்லோரும் கொண்டாடிய அந்த ஒரு நாளில் அவனுக்குள் ஒரு முள் கிடந்திருக்கும்.

"இல்ல" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுக் கம்பெனி ஆட்களிடம் போனான். அப்பா அழுதுகொண்டே எல்லோருக்கும் கை கொடுத்தார். என்னிடமும் வந்து, தெரியாதவனிடம் கொடுப்பது போலக் கை கொடுத்தார்.

தம்பி இப்போது பயிற்சி முகாமில் இருக்கிறான். அம்மன் வாக்கும் அண்ணன் வாக்கும் ஒன்றாக இருந்தது என்று அம்மா ஊரெல்லாம் சொல்கிறார். அதைச் சொல்லத் தொடங்கினால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். ஃபிளெக்ஸுக்கும் கோழிச்சாற்றுக்கும் கல்யாண வீட்டு மாமாக்களுக்கும் பொறாமைப்பட்டு வருடங்களை வீணாக்கியிருக்கிறேன். அதெல்லாம் அவனுக்கே இருக்கட்டும். மூடச் சொல்லி உடம்பு கத்தும்போது மூடாமல் இருந்தானே, எனக்கு வேண்டியது அந்த ஒரு நொடிதான். அது அவனிடம் இருக்கிறது, என்னிடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெருந்துறையில் ஓவர்டைம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அந்தத் தோட்டத்துக்குப் போகிறேன். வாடகைக்கு ஒரு வண்டி தருகிறார்கள். போன வாரம் பத்துச் சுற்று போலப் போனேன். முதல் வளைவிலும் மூடினேன், இரண்டாவது வளைவிலும் மூடினேன், நேராகப் போகும்போது கூட ஒருமுறை மூடினேன். தோட்டத்துக்காரர் வரப்பிலிருந்து எழுந்து வந்து, என் வண்டியின் சீட்டைத் துண்டால் தட்டிவிட்டார்.

"பரவால்லீங்க தம்பி. உங்களுக்குத்தான் நல்ல வேல இருக்குதுல்லங்க" என்றார்.

நான் மறுபடியும் வண்டியை உதைத்துக் கிளப்பினேன்.